சிந்தோக்குக்குச் செல்லும் நம் பிள்ளைகள்



புது ஊரில் போய்க் குடியேறுவது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1786-ல் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் கொடி ஏற்றியபோது, அதற்கு முன்பே கோலா கெடாத் துறையில் வியாபாரம் செய்துகொண்டிருந்த சூலியா வணிகர்கள் பலர் அங்கே சென்று கடை வைத்தார்கள். ஓர் ஊரில் கால் வைத்தவுடன் பள்ளிவாசல் எங்கே, தங்குமிடம் எங்கே, நாணயஸ்தர் யார், சரக்கு எங்கே இறங்குகிறது என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொள்வது நம்மவரின் பழைய வழக்கம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, பட்டம் பெற்றபின் மேல்படிப்புக்காக ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள சிந்தோக்குக்குப் போய், அங்கே காலூன்றாமல் ஒரு வருஷத்தில் திரும்பி வந்து கல்லாவில் உட்காருகிறான் என்றால் அதற்குக் காரணம் என்ன? பிள்ளையின் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். நாமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில விவரங்கள். மலேசிய வடக்குப் பல்கலைக்கழகம், அதாவது யூனிவர்சிட்டி உத்தாரா மலேசியா, 1984-ல் ஸ்தாபிக்கப்பட்டது. நாட்டின் ஆறாவது அரசாங்கப் பல்கலைக்கழகம் அது. தொடக்கத்தில் ஜித்ரா அருகே தற்காலிக இடத்தில் நடந்து, 1990-ல் சிந்தோக் பள்ளத்தாக்குக்கு மாறியது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடம். சுற்றிலும் காடும் குன்றுகளும். ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. அலோர் ஸ்டாரிலிருந்து 48 கிலோமீட்டர் வடக்கே, சயாம் எல்லையான புக்கிட் காயு ஹித்தாமுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. நிர்வாகம், வர்த்தகம், கணக்கியல் முதலியவற்றுக்கென்றே அமைந்த கல்விச்சாலை என்பதால் நம் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது. மாணவர் விடுதிகளுக்கு மேபேங்க், புரோட்டான், பெட்ரோனாஸ் என்று கம்பெனிகளின் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். வியாபாரிகளாகிய நமக்கு இதைக் கேட்க ஒரு சந்தோஷந்தான்!

கோலா கெடாவிலிருந்து பார்த்தால் அலோர் ஸ்டார் பக்கம். அங்கிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் சிந்தோக்கும் பக்கம். இந்தப் பக்கந்தான் தொல்லை என்பது நம் கருத்து. காயல்பட்டினத்திலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ ஒரு வாலிபர் அங்கே படிக்க வந்தால், அவருக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே ஒரு மாதத்தில் சாப்பாட்டுக் கடைக்காரரைத் தெரிந்துகொள்கிறார். வளாகத்திலுள்ள சுல்தான் பட்லிஷா பள்ளிவாசலில் நான்கு பேரோடு பழகுகிறார். நூல்நிலையத்தில் தமக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கிறார். நம் பிள்ளையோ வியாழக்கிழமை மாலை ஆனதும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிடுகிறான்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது நமக்குத் தெரிந்ததே. பள்ளத்தாக்கில் அந்த இரண்டு நாட்களும் வகுப்பு இல்லை, காரியாலயம் இல்லை. வகுப்பில் பாடம் கேட்டுப் பரீட்சை எழுதும் மாணவனுக்கு அவை ஓய்வு நாட்கள். ஆராய்ச்சி மாணவனுக்கோ அவைதாம் தடையின்றி எழுதக் கிடைக்கும் நாட்கள். இந்த வேற்றுமையை நாம் அறியாமல் இருந்ததால் வந்த கஷ்டத்தை, நம் வீட்டிலேயே நடந்தது என்பதால், மறைக்காமல் சொல்கிறோம்.

பையன் முதுநிலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் கடைக்கு வந்துவிடுவான். லங்காவிப் படகுக்கு வரும் ஜனக்கூட்டத்தால் விடுமுறை நாட்களில் வியாபாரம் அதிகம், ஆள் போதாது. "படிக்கிற பிள்ளை கடையையும் மறக்கவில்லை" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். சனி இரவு கடை சாத்தியபின் கணக்கு எழுதிவிட்டு, ஞாயிறு விடியற்காலை அரைத் தூக்கத்தோடு புறப்படுவான். எட்டு மாதம் கழிந்தது. ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி ஒப்புவிக்க வேண்டிய காலம் வந்தபோது அவனிடம் ஆறு பக்கந்தான் இருந்தது. மேற்பார்வை செய்யும் பேராசிரியர் இரண்டு முறை கேட்டு எழுதியிருந்தாராம். நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. "சாப்பிட்டாயா? எப்போது முடியும்?" இவ்விரண்டைத் தவிர வேறு கேள்வி நம்மிடம் இருந்ததில்லை. கடைசியில் ஒரு நாள், "வாப்பா, நான் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை" என்றான். அந்த வார்த்தை நம்மை உலுக்கிவிட்டது.

அன்று முதல் இந்தப் படிப்பு எத்தகையது என்று விசாரிக்க ஆரம்பித்தோம். பட்டத்திற்கு மேற்பட்ட படிப்பு மூன்று வகையாக நடக்கிறது. வகுப்பில் பாடம் கேட்டு முடிப்பது ஒன்று. ஆராய்ச்சி மட்டும் செய்வது மற்றொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது. முதல் வகை நாம் அறிந்த பள்ளிக்கூட முறைதான். மணி அடிக்கும், பரீட்சை வரும். ஆராய்ச்சியில் மணி அடிப்பவர் யாருமில்லை. ஒரு கேள்வியைத் தானே தேர்ந்து, அதைப் பற்றி உலகில் மற்றவர்கள் எழுதியதைப் படித்து, திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டபின் விவரங்களைத் திரட்டி, ஆய்வேடு எழுதி, முடிவில் பரீட்சகர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனி தேசத்துச் சர்வகலாசாலைகளில் வளர்ந்தது. ஆக்ஸ்போர்டே 1917-ல்தான் இத்தகைய டாக்டர் பட்டத்தை ஏற்படுத்தியது. ஆகவே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது விளங்கவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வியாபாரப் பாஷையில் சொன்னால், இது வாடிக்கைக்காரர் வராத கடை. கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அன்றைக்கு ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் நஷ்டம் தெரியும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, முதல் மூன்று மாதம் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளும்படி சொல்கிறோம். மாதம் ஒரு முறை போதும். மேற்பார்வையாளரை எந்தக் கிழமை, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்று முதல் சந்திப்பிலேயே பேசி நிச்சயித்துக்கொள்வது நல்லது. பார்த்துப் பேசியதை அன்றைக்கே நாலு வரியில் எழுதி அவருக்கே அனுப்பிவிட வேண்டும். பற்று வரவை அன்றன்று எழுதாத கடை என்னவாகும் என்று நமக்குத் தெரியாதா? ஒவ்வொரு பருவத்துக்கும் பெயரைப் புதுப்பித்துப் பதிவு செய்வதும், கட்டணத் தேதியும் மறக்கக்கூடாதவை. கோலாலம்பூரில் உள்ளவர்களிடம் விவரம் கேட்க வேண்டியவர்கள், அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை, நமக்கு வெள்ளி விடுமுறை என்பதால் இரு தரப்புக்கும் பொதுவான வேலைநாள் வாரத்தில் நாலுதான் என்பதைக் கணக்கில் வைக்கவும்.

விடுதியில் இடம் கிடைத்தால் முதல் வருஷம் அங்கேயே இருப்பது உத்தமம். வெளியே வீடு பிடிப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த சிறு நகரமான சங்லூனில் பிடிக்கிறார்கள். நடந்து போகும் தூரமல்ல, வண்டி வேண்டும். வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அந்த மாத வாடகை ஒன்று, ஆக மூன்றரை மாதப் பணம் முதலிலேயே கையில் வேண்டியிருக்கும். வீட்டிலுள்ள பழுதுகளைச் சாவி வாங்கும் அன்றே படம் பிடித்து வைத்துக்கொண்டால், முன்பணம் திரும்பக் கேட்கும்போது வாக்குவாதம் வராது. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு, பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே 2015 முதல் ஓடும் மின்சார ரயில் சௌகரியமானது. சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் நிற்கிறது.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்னும் சில உண்டு. நம் அனுபவத்தில், கடைக்கு வா என்று யாரும் கூப்பிடாததாலேயே அவர்கள் குறித்த காலத்தில் முடித்துவிடுகிறார்கள்!

நம்முடைய பங்கையும் சொல்லிவிடுகிறோம். மலபாரில் பொன்னானிப் பள்ளிவாசலில் ஓத வந்த வெளியூர் மாணவர்களுக்குச் சுற்றியுள்ள வீடுகள் சோறு போட்டு ஆதரித்தன. அந்த மாணவர்களை யாரும் கடைவேலைக்கு இழுக்கவில்லை. இன்று அலோர் ஸ்டாரிலும் ஜித்ராவிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள், தமிழ்நாட்டிலிருந்து தனியாக வந்திருக்கும் மாணவரை மாதம் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டால் அதுவே பெரிய உதவி. அப்போது, "எதைப் பற்றி ஆராய்கிறீர்கள் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். வியாபாரிக்குப் புரியும்படி அதைச் சொல்ல முயல்வதிலேயே அவருக்குப் பாதி தெளிவு வந்துவிடும். நம் பையன் அப்படித்தான் ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, சிறு கடைகள் கடன் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி நம்மிடமே கேள்வி கேட்க ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் பதில் சொன்னோம். அவ்வளவும் எழுதிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைக் கடைக்கு இப்போது சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறோம். திட்டம் இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பையன் மாதம் ஒரு முறை வருகிறான். வந்தால் கணக்கை ஒரு தரம் பார்த்துவிட்டு, இருட்டுமுன் கிளம்பிவிடுகிறான்.