அணுக்கதிருக்கும் அசராத பாக்டீரியா



கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகால் அளக்கிறார்கள். மனிதன் உடம்பு முழுக்க 5 கிரே பட்டால் உயிர் பிழைப்பது கஷ்டம். ஆனால் 5000 கிரே பட்டும் சாகாத ஒரு பாக்டீரியா மண்ணில் இருக்கிறது! பெயர் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். சொல்லும்போதே நாக்கு சுளுக்குது இல்லையா?

1956-ல் அமெரிக்காவில் ஆர்தர் ஆண்டர்சன் என்பவர், டப்பாவில் அடைத்த இறைச்சிமேல் காமா கதிரைப் பாய்ச்சினார். அப்படியும் இறைச்சி கெட்டுப்போச்சு. உள்ளே உயிரோடு இருந்தது இந்த ஆள்தான்!

கதிர்வீச்சு டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக உடைக்கும். இது சில மணி நேரத்தில் திரும்ப ஒட்டிவிடும். எப்படி? நாலு பேர் நோட்டில் ஒரே பாடம் இருக்கு என்று வையுங்கள். நாலையும் கிழித்தால், கிழிசல் வெவ்வேறு இடத்தில் விழும். ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்து முழுப் பாடத்தையும் எழுதிவிடலாம். இதன் செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. பல பிரதிகளாக இருக்கிறது.

1999-ல் விஞ்ஞானிகள் இதன் மரபணுத் தொகுப்பைப் படித்ததும் இதே வழியில்தான்! துண்டாக்கி, படித்து, கம்ப்யூட்டரில் பொருத்தினார்கள். மொத்தம் சுமார் 33 லட்சம் எழுத்துகள். ஆனால் பழுது பார்க்கும் மரபணுக்கள் பெரும்பாலும் மற்ற பாக்டீரியாக்களிலும் உள்ளவைதான். எழுத்தைப் படித்தால் போதாது, அர்த்தம் புரியணும்! இதில் மாங்கனீசு அதிகம், அது புரதங்களைக் காப்பாற்றுகிறது என்று பிறகுதான் கண்டார்கள்.

மண்ணில் இவ்வளவு கதிர்வீச்சு ஏது? காய்ந்து கிடந்தாலும் டி.என்.ஏ. உடையும். வறட்சியைத் தாங்கப் பழகியதே கதிர்வீச்சுக்கும் உதவுது என்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடக்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், டைபாய்டு கிருமியின் ஒரு மரபணுவை இதற்குள் வைத்தார்கள். அந்த பாக்டீரியா, தண்ணீரில் கரைந்த யுரேனியத்தைப் படிய வைத்தது. 2006-ல் இதை வெளியிட்டார்கள். இதனால் கதிர்வீச்சு அழியாது. ஆனால் யுரேனியம் தண்ணீரோடு பரவாமல் தடுக்கலாம்.

நம் கடற்கரையிலே தெற்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். அணுக்கழிவை என்ன செய்வது என்ற கேள்வி நமக்கும் உண்டு. பயந்தால் மட்டும் போதாது, படித்துத் தெரிஞ்சிக்கிடணும்.

மழை இல்லாமல் காய்ந்து கிடக்கும் நம்ம தேரி மண்ணுக்குள்ள என்னென்ன உயிர் இருக்கோ? நம்மில் யாராவது ஒருத்தர் பெரிய ஆளாகிப் பார்த்துச் சொல்லணும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி