செக்ரோல் விரிதாளைப் பைதனால் வாசித்தல்

மலையகத் தோட்டங்களில் தொழிலாளியின் மாதச் சம்பளம், செக்ரோல் எனப்படும் வரவுப் பதிவேட்டிலிருந்தே கணிக்கப்படுகிறது. முழுநாள் வேலைக்கு ஒரு பேரும், பாதியில் நின்ற வேலைக்கு அரைப்பேரும் போடப்படுவது அங்குள்ள வழக்கம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் மலையக ஊரான வட்டவளையில், வேலை மழையால் இடையில் நிற்கக்கூடும் என்பதால், அந்த அரைப்பேரின் கணக்கைச் சிறிதெனத் தள்ளிவிட முடியாது. இப்பதிவேடு எக்செல் கோப்பாகி, பைதன் மொழியின் ஓப்பன்பைஎக்செல் என்னும் நூலகத்தால், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பால், வாசிக்கப்படும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: திரையில் கண்ணுக்குத் தெரிவது வேறு, கோப்பினுள் சேமிக்கப்பட்டிருப்பது வேறு, நூலகம் இரண்டாவதையே வாசிக்கிறது.

இவ்வேறுபாடு மிகக் கடுமையாகத் தாக்குவது திகதிகளையே. எக்செல் ஒவ்வொரு திகதியையும் ஓர் எண்ணாகச் சேமிக்கிறது. 2024 ஏப்ரல் 1 என்பது 45383 ஆகும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முன்னும் நாள் பின்னுமாக இருக்க, எழுதுவினைஞர் இலங்கை வழக்கப்படி 1/4/2024 எனத் தட்டச்சிட்டால், அது ஜனவரி 4 ஆகி 45295 எனப் பதிவாகும். 13/4/2024 எனத் தட்டச்சிட்டாலோ, பதின்மூன்றாம் மாதம் இல்லாமையால், அது திகதியாகாமல் வெறும் எழுத்துச் சரமாக நின்றுவிடும். இவ்வாறு ஏப்ரலின் முதல் 12 நாட்கள் ஆண்டின் 12 மாதங்களுக்கும் சிதறிப்போக, எஞ்சிய 18 நாட்கள் திகதி என்னும் தகுதியையே இழக்கின்றன. அரைப்பேரைக் குறிக்க 1/2 என இட்டால் அதுவும் திகதியாகிவிடும் என்பதால் 0.5 என இடுவதே பாதுகாப்பானது. எந்தக் கூட்டலுக்கும் முன்னர், தாளின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் உள்ள கலங்களின் தரவு வகையை அச்சிட்டுப் பார்ப்பது மிகுந்த பயன் தரும்.

தமிழ்ப் பெயர்கள் இன்னொரு வகையில் இடர் தருகின்றன. இலங்கையில் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர் திரையில் தமிழாகத் தோன்றினாலும், கோப்பில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகவே கிடக்கிறது. தமிழ் என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளாக நூலகத்தின் கைக்கு வரும். ஆகவே கலத்தின் எழுத்துருப் பெயரை நூலகத்திடம் கேட்டறிந்து, பாமினிக் கலங்களை மட்டும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். முழுத் தாளையும் ஒருசேர மாற்றினால், பழைய தேசிய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்வரும் வீ என்னும் ஆங்கில எழுத்து ஏகாரமாகி, ஊழியர் சேமலாப நிதிப் பதிவோடு அந்த எண் பொருந்தாமல் போகும்.

அந்நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் பெரும்பாலும் சூத்திரங்களாலேயே கணிக்கப்படுகின்றன. டேட்டா ஒன்லி என்னும் தெரிவை இட்டுக் கோப்பைத் திறந்தால், எக்செல் கடைசியாகக் கணித்து வைத்த விடை கிடைக்கும். அத்தெரிவு இல்லையேல் சூத்திரமே கிடைக்கும். நூலகம் தானாக எதையும் கணிப்பதில்லை. அத்தெரிவோடு திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்தால் சூத்திரங்கள் யாவும் அழிந்துவிடும் என்பதால், மூலக் கோப்பைத் தொடாமல் அதன் பிரதியிலேயே வேலை செய்வது நன்று.

வெற்றுக்கலத்தைச் சுழியமாக மாற்றும் பழக்கமும் தவிர்க்கத்தக்கது. தொழிலாளி வேலைக்கு வராத நாளும், கணக்கப்பிள்ளை இன்னும் பதியாத நாளும் ஒன்றல்ல.

நிரலாக்கம் கற்று இப்பணிக்கு வரும் தோட்டத்து இளைஞர்கள், நிரல் தரும் மொத்தப் பேரைக் கையால் எழுதிய செக்ரோலோடு ஆள்வாரியாக ஒப்பிட்டு, அரைப்பேர் குறைந்தாலும் சம்பளப் பட்டியலை நிறுத்தி வைத்துக் கோப்பை மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும்.