கத்திரி வெயிலும் யூரின் மாத்திரையும்

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். புதுச்சேரியின் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, ஊற்றிக்கொண்டே இருக்கும். கால் வீக்கம், இதய பலவீனம், பிரஷர் என்று யூரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பின் நீர் இரண்டு வழியில் போகும் காலம் இது. அதனால் முதலில் மாத்திரை அட்டையை எடுத்து மருந்தின் பெயரைப் படியுங்கள். பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று இருந்தால், பெரும்பாலும் அதற்குள்ளும் ஒரு யூரின் மருந்து இருக்கிறது: ஹைட்ரோகுளோரோதயசைடு. அதன் வேலை 12 மணி நேரம் வரை நீளும்.

லேசிக்ஸ், டோர்செமைடு இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, 6 முதல் 8 மணி நேரத்தில் அடங்கிவிடும். பெரிய மார்க்கெட்டுக்குப் போகணும், பஸ்ஸில் ஜிப்மருக்குப் போகணும் என்று அன்றைய மாத்திரையையே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து விடாதீர்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வேலையை முடித்து வந்து 10 மணிக்குப் போடுங்கள். மாலை கடற்கரைச் சாலையில் நடக்கப் போவதற்குள் அடங்கியிருக்கும். இரண்டாம் வேளை உண்டென்றால் பிற்பகலிலேயே போட்டுவிடுங்கள், இரவுத் தூக்கம் கெடாது.

குளோர்தாலிடோன், ஸ்பைரோனோலாக்டோன் கதை வேறு. இவற்றின் வேலை இரண்டு மூன்று நாள் நிற்கும். இன்று நிறுத்தினாலும் முந்தாநாள் போட்டது உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே வாந்தி, பேதி கண்டால் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இளநீரைத் தள்ளிவையுங்கள். அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கருவாடும் ஊறுகாயும் எல்லோருக்குமே வேண்டாம். மாத்திரை வெளியேற்றும் நீரை உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள், வெயில் காலத்தில் சிறுநீரகத்துக்கு அது பெரும் கேடு. தண்ணீருக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தால், இந்த வெயிலுக்கு அதை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலும், எடை குறைந்து தலை சுற்றினாலும் டாக்டரிடம் போங்கள். கட்டிலிலிருந்து சட்டென்று எழாமல் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து எழுங்கள். வீட்டுப் பெரியவர் பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, வெயில் களைப்பு என்று படுக்க வைக்காதீர்கள். சோடியம் இறங்கியிருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.