கன்னத்தில் ஒரு சிவப்பு

பெங்களூரில் ஸ்ரீராம்புரம் என்று ஒரு பகுதி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். அங்கே ஒரு சிறிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மா ஊதுவத்தி உருட்டுகிறாள். மகளுக்கு வயது 13. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டால் விட்டது. நாலு நாளில் மறுபடியும் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் வீங்கி வலித்தன. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை.

"வேலை செய்யச் சோம்பல்" என்று பாட்டி திட்டினாள்.

தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வாயில் புண் வந்தது. பிறகு இரண்டு கன்னங்களிலும் சிவப்புத் தடிப்பு வந்தது. மூக்கின் மேலும் பரவியது. பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போல இருந்தது. வெயிலில் போனால் அதிகமானது.

"அம்மை வார்த்திருக்கு அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். நாட்கள் போயின. சிவப்பு போகவில்லை.

பள்ளி ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டார். "இது அம்மை இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்" என்றார்.

ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். "உங்கள் மகளுக்கு லூபஸ் என்ற நோய்" என்றார் டாக்டர்.

"அப்படி ஒரு நோயா? கேள்விப்பட்டதே இல்லையே, டாக்டரம்மா!"

"நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது காவல்காரன் மாதிரி. வெளியிலிருந்து வரும் கிருமியை விரட்டும். இந்த நோயில் காவல்காரனே வீட்டுக்காரரை அடிக்கிறான். தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம், மூளை என்று எதையும் தாக்கலாம்."

"தம்பிக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே பாயில் படுக்கலாம்."

"நாங்கள் என்ன தப்பு செய்தோம்?"

"யார் தப்பும் இல்லை அம்மா. சாபமும் இல்லை. பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. லூபஸ் உள்ள நூறு பேரில் 10 முதல் 20 பேருக்கு 18 வயதுக்குள்ளேயே தொடங்குகிறது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நோய் கடுமையாக இருக்கும். சிறுநீரகம் கெடும் ஆபத்தும் அதிகம். அடியோடு போக்க மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவது போல இதற்கும் தொடர்ந்து சாப்பிட வேண்டும்."

டாக்டர் இரண்டு மாத்திரைகள் கொடுத்தார். ஒன்று ஹைட்ராக்சிகுளோரோகுயின். இன்னொன்று ஸ்டீராய்டு. காய்ச்சல் நின்றது. விரல் வலி குறைந்தது. அவள் மறுபடியும் பள்ளிக்குப் போனாள்.

ஆனால் ஸ்டீராய்டினால் முகம் உப்பியது. முகப்பரு வந்தது. வகுப்பில் பிள்ளைகள் "பூசணிக்காய்" என்று கேலி செய்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்தாள்.

மூன்று வாரம் ஆனது. அவளுக்குக் கால் வீங்கியது. சிறுநீர் நுரை நுரையாகப் போனது. அம்மா பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நோய் அடங்கியதும் நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். அப்போது முகமும் வற்றும். இனிமேல் என்ன கஷ்டம் என்றாலும் என்னிடம் சொல், மாத்திரையை எறியாதே" என்றார்.

நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. வேறு மருந்தும் சேர்த்தார்கள். பல மாதம் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். சிறுநீரில் நுரை குறைந்தது. ஆசிரியை வகுப்பில் நோயைப் பற்றி விளக்கினார். கேலி நின்றது. வெயிலில் நடக்கும் விளையாட்டு நேரத்தில் அவள் நிழலில் இருந்து ஆட்டக் கணக்கு எழுதினாள்.

இப்போது தினமும் இரவு அம்மாவே மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். சாப்பிட்ட நாளில் காலண்டரில் ஒரு கோடு போடுகிறாள் மகள்.

நினைவில் வையுங்கள்

- விடாத காய்ச்சல், மூட்டு வீக்கம், கன்னத்தில் தடிப்பு, வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.
- கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், வலிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
- மருந்து சாப்பிடும்போது காய்ச்சல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.
- வெயிலில் குடை, முழுக்கைச் சட்டை வேண்டும்.
- ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுபவர்கள் டாக்டர் சொல்லும் காலத்தில் கண்ணைச் சோதிக்க வேண்டும்.
- தடுப்பூசி போடும் முன் டாக்டரைக் கேளுங்கள்.
- நோய் அடங்கி இருந்தால் பிற்காலத்தில் திருமணம் செய்யலாம். டாக்டரைக் கேட்டுப் பிள்ளையும் பெறலாம்.

பெங்களூரில் குழந்தைகளுக்கென்றே இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. இது அரசு மருத்துவமனை. ஆண்டுதோறும் மே 10ஆம் தேதி உலக லூபஸ் தினம்.

பதில் சொல்லுங்கள்

1. லூபஸ் ஒட்டும் நோயா?
2. அந்தப் பெண் மாத்திரையை ஏன் எறிந்தாள்? அதனால் என்ன ஆனது?
3. உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கூடிப் பேசுங்கள்.