லாக்கர் மாட்டப் போகும் தம்பிக்கு



ராணுவ ஏலத்தில் போன பழைய ஜிப்சி ஒன்றை வாங்கி, மீமிசலில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நிறுத்தியிருப்பதாக எழுதியிருந்தாய். பின் ஆக்சிலுக்கு டிஃப் லாக்கரை நீயே மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாட்டலாம். ஆனால் மாட்டுவது அதில் சின்ன வேலை. அளப்பதும் சோதிப்பதும்தான் பெரிய வேலை.

லாக்கர் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் தொளி உழவு நடக்கிற வயலுக்குப் போய் நில். டிராக்டரின் ஒரு பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றும், மற்றது அசையாது. ஓட்டுபவர் ஆக்சிலேட்டரைக் குறைத்து டிஃப் லாக் பெடலை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றி வண்டி மேலேறும். ஏறியதும் காலை எடுத்துவிடுவார், அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புவார். சாதா டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் இழுவிசையைச் சமமாகவே பிரிக்கும். வழுக்குகிற சக்கரம் கொஞ்சம்தான் தாங்கும் என்றால், நல்ல தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சமே கிடைக்கும். அதனால்தான் எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டாலும் வண்டி நகர்வதில்லை.

லாக்கரில் பல வகை. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு ஆக்சிலையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பூட்டலாம். மஹிந்திரா தாரில் 2015 மாடலிலிருந்து பின்னால் மெக்கானிக்கல் லாக்கர் வந்தது. இரண்டு சக்கரத்தின் வேகமும் அதிகமாக மாறுபட்டால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. லாக்கர் கம்ப்ரசர் காற்றில் இயங்குவது; வேண்டும்போது மட்டும் பூட்டலாம். ஆனால் அதற்குக் கேரியரையே மாற்ற வேண்டும். கிரவுன், பினியன் இரண்டையும் புதிதாக செட் பண்ண வேண்டும். முதல் வேலையாக அதைத் தொடாதே.

நீ எடுக்க வேண்டியது 'லஞ்ச் பாக்ஸ்' லாக்கர். பழைய கேரியர் அப்படியே இருக்கும். உள்ளே உள்ள சன் கியர், ஸ்டார் பினியன்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை உட்கார வைப்பார்கள். ஜிப்சியில் இன்னொரு சௌகரியம் உண்டு. ஆக்சில் ஷாஃப்ட்களை வெளியே இழுத்து, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினால், டிஃப் மொத்தமும் தனியாக வந்து மேசைக்கு ஏறிவிடும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து கிரவுனை அளக்கும் பாடு உனக்கு இல்லை. ஆர்டர் போடுமுன் ஷாஃப்டின் ஸ்ப்லைன் பற்களை எண்ணிவிடு. ஒரு பல் கூடக்குறைய இருந்தாலும் பொருள் உள்ளே போகாது.

மேசைக்கு வந்ததும் ஸ்பானரை எடுக்காதே, சென்டர் பஞ்சை எடு. பேரிங் கேப்பில் ஒரு பக்கம் ஒரு புள்ளி, மறுபக்கம் இரண்டு புள்ளி அடி. கேப்பை ஒட்டி இருக்கும் அட்ஜஸ்டர் நட் எந்த இடத்தில் நிற்கிறது என்று பெயிண்டால் கோடு போடு. பிறகு டயல் கேஜை கிரவுன் பல்லில் வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டு. முள் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் பிளே. பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ இருக்கும். உன் வண்டிக்கான சரியான கணக்கு மேனுவலில் இருக்கிறது. கிரவுனில் நாலைந்து இடத்தில் அளந்து சுவரிலேயே எழுதி வை. எல்லாம் மாட்டி முடித்த பிறகு அதே இடங்களில் அதே அளவு வர வேண்டும். வராவிட்டால் 'ஓடஓடச் சரியாகிவிடும்' என்று மூடிவிடாதே. கிரவுன் ஊளையிட ஆரம்பித்துவிட்டால் அது தானாக அடங்காது.

கிரவுன் போல்ட்களைப் பழைய பசை போகச் சுத்தம் செய்து, த்ரெட் லாக் பசை தடவி, எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்கு. கை பழகிவிட்டது என்ற பேச்சு இங்கே எடுபடாது.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சாதா டிஃப் உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டு ஓடவிட்டுப் பார்க்கிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. லாக்கர் மாட்டிய வண்டியில் அதைச் செய்தால், தரையில் நிற்கிற சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். சோதிப்பதானால் ஆக்சிலின் இரு பக்கமும் ஸ்டாண்டில் ஏற வேண்டும், முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும், ஃபோர் வீல் லீவர் டூ வீலில் இருக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

ரோட்டில் எடுத்தால் திருப்பங்களில் பின்னாலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வரும். அது பழுதில்லை, லாக்கர் தன்னைத் திறந்துகொள்கிற சத்தம். ஆனால் மழையில் நனைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில், வளைவில் திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டியின் பின்பக்கம் விலகும். மற்றவர் கையில் சாவியைக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடு.

உன் ஊரில் உப்பும் ஒரு எதிரி. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பிரீதர் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதருக்கு ஒரு டியூப் போட்டு ஷாஸிக்கு மேலே கொண்டுபோய்க் கட்டு. டிஃப் ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே மாற்றிவிடு.

லாக்கர் இருக்கிறதே என்று கடற்கரைச் சேற்றில் இறங்கிவிடாதே. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. கடற்பசு மேய்வது ஆழமில்லாத நீரில் வளரும் கடற்புல்லை. டயர் உழுது போட்ட இடத்தில் புல் மறுபடி பிடிக்க நாளாகும். அந்தக் கரையை நம்பித்தான் உன் ஊரில் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். பழகிப் பார்க்க, உரியவரிடம் கேட்டுக்கொண்டு தரிசு நிலம் போதும்.

கடைசியாகத் தொழில் பேச்சு. உன் ஜிப்சி நன்றாக ஓடினால், 'எனக்கும் மாட்டிக் கொடு' என்று பத்துப் பேர் வருவார்கள். முதலில் அவர்கள் வண்டியின் டயர் காற்றைப் பதினெட்டு பவுண்டு அளவுக்கு இறக்கி, மணலில் நிதானமாக ஓட்டிக் காட்டு. பலருக்கு அதுவே போதும். ரோட்டுக்கு ஏறும்போது மறுபடி காற்றடிக்க ஒரு பம்பு வாங்கச் சொல். வாரண்டி இருக்கிற வண்டி என்றால் கை வைக்காதே. அப்படியும் தேவைப்படுகிறவருக்கு மட்டும் மாட்டு, அவர் கண் முன்னால் அளந்து காட்டு. எழுதி வைத்த பிளே கணக்கில் ஒரு நகலை அவரிடம் கொடு. வேலை கொஞ்சம் குறையும்தான். ஆனால் நீ தொட்ட வண்டியை வேறொருவர் திறந்து பார்த்தாலும் உன்னைக் குறை சொல்ல முடியாது.

முதலில் ஒரு டயல் கேஜ் வாங்கு. லாக்கருக்குப் பணம் சேர்வதற்குள், பழைய இரும்புக் கடையில் ஒரு டிஃப் வாங்கி அதில் அளந்து பழகு. சந்தேகம் வந்தால் அளவை எழுதி அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்