பேச்சு தாமதமானால் அறிவு குறைவு என்று அர்த்தமா?



இந்த மாதப் பாடத்தில் கொஞ்சம் மருத்துவம், கொஞ்சம் மொழி. நான் ஜொகூரில் சிறப்புக் கல்வி வகுப்பு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சமய வகுப்பும் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், ஸ்கேன் எடுத்தாங்க. மூளை அமைப்புல வித்தியாசம் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. இவன் பேசுவானா? வீட்டுல தமிழை நிறுத்திடணுமா?"

இதற்குப் பதில் பெற்றோருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அந்தப் பிள்ளை வளர்ந்து நம் முகாமுக்கு வரும்போது பக்கத்தில் உட்காரப் போவது நீங்கள்தான்.

மூளையில் மொழி எங்கே இருக்கிறது?

1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தார். அந்த மனிதருக்கு மற்றவர் சொல்வது புரியும். ஆனால் வாயைத் திறந்தால் "டான்" என்ற ஒலி மட்டும்தான் வரும். அவர் இறந்த பிறகு பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதி கெட்டுப் போயிருந்தது. 1874-இல் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் இன்னொரு பகுதியை இடது பக்கத்தில் சற்றுப் பின்னால் காட்டினார். பெரும்பாலானவர்களுக்கு மொழி இடது பக்கத்தைச் சார்ந்தது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

ஆனால் அவர்கள் பார்த்தவர்கள், பேசிப் பழகிய பிறகு மூளை பாதிக்கப்பட்ட பெரியவர்கள். குழந்தையின் கதை வேறு. கருவிலோ பிறந்த கொஞ்ச காலத்திலோ இடது பக்கம் பாதிக்கப்பட்டால், பல நேரங்களில் வலது பக்கம் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் ஒரு பெண்மணிக்குச் சிறு வயது முதலே இடது பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதி இல்லை. ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் வெளியிட்ட கட்டுரையில், அவருடைய மொழி முழுக்க வலது பக்கத்தில் இயங்குவதைக் காட்டினார்கள். அவர் நன்றாகப் பேசுகிறார், படித்திருக்கிறார், ரஷ்ய மொழியும் கற்றிருக்கிறார்.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த இடமாற்றம் கடினம். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து, "இவன் பேசவே மாட்டான்" என்று முடிவு கட்ட முடியாது என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

மூன்று அமைப்பு, மூன்று விதப் பேச்சு

முதல் வகை பாலிமைக்ரோஜைரியா. மூளையின் மேற்பரப்பில் மடிப்புகள் அளவுக்கு மீறிச் சின்னச் சின்னதாக, நெருக்கமாக உருவாகிவிடும். காதுக்கு மேலே இருபுறமும் இப்படி அமைந்தால் நாக்கு, உதடு, தாடை ஆகியவற்றை அசைப்பது சிரமம். எச்சில் வடியும், சாப்பாட்டை விழுங்கக் கஷ்டப்படுவார்கள், பேச்சு தெளிவாக வராது. ஆனால் நாம் சொல்வதில் பெரும்பகுதி புரியும் பிள்ளைகள் இவர்களில் நிறைய பேர். "இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவன் முன்னாலேயே பேசுவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். இவர்களில் பலருக்கு வலிப்பும் வரும். வலிப்பு அடிக்கடி வந்தால் மொழி வளர்ச்சியும் தடைபடும், அதனால் மருந்தை விடக்கூடாது. யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999-ஐ அழையுங்கள்.

இரண்டாவது வகை, மூளையில் நீர் தேங்குவது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இது அதிகம். இதில் சில பிள்ளைகள் மளமளவென்று பேசுவார்கள், இலக்கணமும் சரியாக இருக்கும். "அப்பா, என்னா வாய்!" என்று நாம் சிரிப்போம். ஆனால் ஒரு கதையைச் சொல்லி அதன் கருத்து என்ன என்று கேட்டால் தடுமாறுவார்கள். இவர்களுக்கு உதவி தேவை என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். நன்றாகப் பேசுவதே கஷ்டத்தை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது வகையைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையின் இடது வலது பாதிகளை இணைக்கும் பாலத்துக்குக் கார்பஸ் கலோசம் என்று பெயர். அதில் சுமார் 20 கோடி நரம்பு இழைகள் ஓடுகின்றன. சிலருக்கு இந்தப் பாலம் பாதிதான் இருக்கும், சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. 'ரெயின் மேன்' திரைப்படத்துக்கு உந்துதலாக இருந்த கிம் பீக் அப்படிப் பிறந்தவர். ஆயிரக்கணக்கான புத்தகங்களை நினைவில் வைத்திருந்தார், ஆனால் சட்டைப் பொத்தானைப் போடவே அவருக்கு உதவி வேண்டும்.

பாலம் இல்லாத பிள்ளைகள் சிலர் சாதாரணமாகப் பேசி, சாதாரணப் பள்ளியில் படிப்பார்கள். சிக்கல் தெரிய ஆரம்பிப்பது 12, 13 வயதில். ஏன் அந்த வயதில்? அப்போதுதான் நம் பேச்சு மாறுகிறது. கிண்டல், குத்தல், இரட்டை அர்த்தம், பழமொழி எல்லாம் உள்ளே வருகிறது. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்த பையனிடம், "என்னடா, இவ்ளோ சீக்கிரம் வந்துட்ட!" என்று சொன்னால், அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டு "தேங்க்ஸ் அண்ணா" என்பான். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்றால் ஆறு எங்கே என்று தேடுவான். எல்லாரும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. ரெண்டு தடவை இப்படி நடந்தால் மூணாவது தடவை வர மாட்டான்.

இது யார் பாவம்?

"போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சாளோ" என்று தாயைப் பார்த்துச் சொல்லும் வாய் நம் கோவில்களிலும் உண்டு. மூளை உருவாகும் வாரங்களில் மரபணு மாற்றம், தாய்க்கு ஏற்படும் சில கிருமித் தொற்றுகள், ரத்த ஓட்டக் குறைவு, மது ஆகியவை காரணமாகலாம். பல குடும்பங்களில் காரணமே தெரிவதில்லை. தாய் கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது கிடையாது. கர்ம வினையை நம்புகிறவர்களுக்கும் இன்னொருவர் கணக்கைப் படிக்க அதிகாரம் கொடுக்கப்படவில்லை. தொண்டு செய்வதுதான் நம் கணக்கில் சேரும்.

தடுக்கக்கூடியதும் ஒன்று உண்டு. முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு தரித்து சுமார் 28 நாளில் மூடிவிடும். கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரிவதற்கு முன்பே! அதனால் ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுக்கச் சொல்கிறார்கள், பொதுவாக நாளுக்கு 400 மைக்ரோகிராம். முதுகுத்தண்டுக் குறையோடு ஒரு குழந்தை பிறந்த குடும்பங்களில், இந்த மாத்திரை அடுத்த குழந்தைக்கு அது வருவதை 72 சதவீதம் குறைத்தது என்று 1991-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்களுக்கு அளவு அதிகம் தேவைப்படும், டாக்டரைக் கேட்க வேண்டும். கல்யாணம் நிச்சயமான அக்காக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தமிழை விட வேண்டுமா?

நம் நாட்டில் ஒரு குழந்தைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். பேச்சு தாமதமானதும் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது, "தமிழை நிறுத்து, இங்கிலீஷ் மட்டும் பேசு."

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைக் கனடாவில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள், ஒரு மொழி வீட்டுப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். பாட்டிக்குத் தமிழ்தான் வரும். அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும். தமிழை நிறுத்தினால் அந்தப் பிள்ளை காதில் விழும் பேச்சே குறைந்துபோகும். பேசக் கஷ்டப்படும் பிள்ளைக்கு நிறையப் பேச்சு வேண்டும், கதை வேண்டும், பாட்டு வேண்டும். உங்களுக்கு எந்த மொழி மனசிலிருந்து வருகிறதோ அதில் பேசுங்கள்.

வாய் பேச முடியாதவர்களுக்குப் படம் தொட்டுப் பேசும் முறை இருக்கிறது. சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி தமிழிலும் பேசும். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். படம் பேச்சுக்குத் துணைதான்.

ஜொகூரில் எங்கே போவது?

ஒரு வயதில் மழலை ஒலியோ கை காட்டுதலோ இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, அல்லது வந்த பேச்சு மறைந்துவிட்டது என்றால் காத்திருக்கக் கூடாது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்பது பரிசோதனை ஆகாது. முதலில் அரசாங்கக் கிளினிக். அங்கிருந்து கடிதம் வாங்கி, ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில், அல்லது குளுவாங், பத்து பகாட், மூவார் அரசாங்க மருத்துவமனைகள். காது கேட்கிறதா என்பதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

பிறகு சமூக நலத்துறையில் பதிந்து ஓகேயூ அட்டை எடுக்க வேண்டும். 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதற்கு அடிப்படை. "அட்டை எடுத்தா கல்யாணம் ஆகாது" என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். 1984-இல் திரங்கானுவில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்கள், அதாவது பி.டி.கே., இன்று நாடு முழுவதும் உள்ளன. சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு உண்டு. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை.

நாம் செய்ய வேண்டியது

குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூர் முருகன் அருளால் பேசினார் என்பது நம் மரபு. அந்தப் பெற்றோர் பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைக்கவில்லை. ஊர் கூடும் சன்னிதிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாமும் நேர்த்திக்கடனை வைத்துக்கொள்வோம், கிளினிக் தேதியையும் தவறவிடாமல் இருப்போம்.

உங்கள் வட்டாரக் கூட்டத்தில் இப்படி ஒருவர் இருந்தால் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள். அவருக்காக நீங்களே வாக்கியத்தை முடிக்காதீர்கள். கிண்டலாகப் பேசினால், "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று உடனே விளக்குங்கள். பஜனையில் தாளம் கொடுங்கள், பாட்டின் கடைசிச் சொல்லை மட்டும் சொல்ல விடுங்கள். பேச வராத சொல் சிலருக்குப் பாட்டில் வரும்.

கலந்துரையாடலுக்கு

1. பேச முடியாதவருக்கும், பேச்சின் உட்பொருள் புரியாதவருக்கும் நாம் உதவும் விதம் எப்படி மாறும்?
2. உங்கள் கோவில் சமய வகுப்பில் பேசாத பிள்ளை ஒன்று சேர்ந்தால், தேவாரத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?
3. உங்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திய ஒருவரை நினைவுபடுத்துங்கள். இந்த வாரம் யார் போய் அழைப்பது?