ஸ்காட்லாந்தின் கில்ட் உடை: வாங்குவோரும் நெய்வோரும் கற்க வேண்டிய பாடம்

ஆடையொன்றின் விலை உயர்ந்திருந்தால் அதன் காரணத்தைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. அக்கேள்விக்குத் தக்க விடை கூற அறிந்திருப்பது நெய்பவரின் கடமை. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்கும் எடுத்துக்காட்டாக, ஸ்காட்லாந்து நாட்டு ஆடவர் அணியும் கில்ட் என்னும் உடையை இம்மாதப் பாடத்திற்கு எடுத்துக்கொள்கிறோம்.

எடின்பரோ நகரின் பழைய கடைவீதியில், தம் திருமணத்திற்காக முதன்முறையாகக் கில்ட் வாங்கப் புறப்பட்ட இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஒரு கடையில் சில பத்துப் பவுன்களுக்குக் கில்ட் தொங்குகிறது. வேறொரு கடையில் அதே தோற்றமுடைய உடைக்குப் பல நூறு பவுன் கேட்கிறார்கள். இரண்டும் கட்டம் போட்டவை. இரண்டிலும் பின்புறம் கொசுவம் வைத்திருக்கிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது? இதனை அறியாதவர் மலிவானதையே வாங்குவார். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுப்பார் இல்லை என்பதே உண்மை.

உடையின் வரலாறு

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைநாட்டு மக்கள், 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல், பல கெஜ நீளமுள்ள கம்பளித் துணி ஒன்றையே உடலில் சுற்றி, இடையில் வாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோளின்மீது போர்த்துக்கொண்டனர். பகலில் உடையாகவும் இரவில் போர்வையாகவும் அது பயன்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் மேற்பகுதி நீக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழுள்ள பகுதி மட்டும் தனி உடையாயிற்று. இம்மாற்றத்தைச் செய்தவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி என்று 1785ல் வெளியான ஒரு கடிதம் கூறுகிறது. அதனை மறுப்போரும் உளர்.

1745ல் மூண்ட கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மலைநாட்டு உடையை ஆடவரும் சிறுவரும் அணியலாகாது எனத் தடுத்தது. முதற் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை செய்தால் ஏழாண்டு நாடு கடத்தல். படைப்பிரிவுகளில் இருந்தோருக்கு மட்டும் இத்தடை இல்லை. 1782ல் சட்டம் நீக்கப்பட்டது. 1822ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவிற்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வரவேற்பை முன்னின்று நடத்தினார். அது முதல் இவ்வுடை நாடு முழுவதற்கும் உரிய பெருமையாயிற்று. பானக்பர்ன் என்ற ஊரின் வில்சன் நெசவாலை 1819லேயே தன் கட்ட வகைகளைக் குறிப்பேட்டில் தொகுத்து வைத்திருந்தது. இன்ன குலத்தாருக்கு இன்ன கட்டம் என்ற வழக்கம் பெரும்பாலும் இக்காலத்தில்தான் நிலைபெற்றது.

ஆகவே, "எனக்கு எந்தக் கட்டம் உரியது?" என்று முதன்முறை வாங்குவோர் அஞ்ச வேண்டியதில்லை. குலப்பெயர் உள்ளவர் அதற்குரிய கட்டத்தை விரும்பி அணிவர். இல்லாதவர் மாவட்டத்திற்குரியதையோ, யாவரும் அணியும் பொதுக் கட்டத்தையோ தெரிந்துகொள்ளலாம். அரச குடும்பத்தார் தமக்கென வைத்திருக்கும் பால்மோரல் போன்ற சிலவற்றைப் பிறர் அணியாதிருப்பது மரபு.

துணியை அறிதல்

கில்ட்டுக்குரிய கட்டத் துணிக்கு டார்டான் என்று பெயர். பாவில் எந்த நிற நூல் எத்தனை இழை, எந்த வரிசையில் வருகிறதோ, ஊடையிலும் அவ்வாறே வரும். ஊடை இழை இரண்டு பாவிழைகளின் மேலும் இரண்டின் கீழும் சென்று, ஒவ்வொரு வரியிலும் ஓரிழை தள்ளிச் செல்வதால், துணியின் முகத்தில் சாய்ந்த கோடுகள் தெரியும். ஒரே நிறம் தன்னையே வெட்டுமிடத்தில் அந்நிறம் தூய்மையாக நிற்கும். வேறு நிறத்தை வெட்டுமிடத்தில் இரண்டும் கலந்து தோன்றும். இரண்டு நிற நூலால் மூன்று சாயலும், மூன்றால் ஆறும், நான்கால் பத்தும் கிடைக்கும். சாயப் பட்டறையின் செலவு கூடாமல் அழகு பெருகும் இக்கணக்கு, கைலி நெய்யும் நம் அங்கத்தினர்களுக்குப் புதியதன்று.

நல்ல கில்ட் தூய கம்பளியால் ஆனது. அதன் எடையை ஒரு கெஜத்திற்கு இத்தனை அவுன்சு என்று சொல்வார்கள். 10 அல்லது 11 அவுன்சு இலேசானது. 13 அவுன்சு நடுத்தரமானது. 16 அவுன்சு கனமானது. கனம் மிகுந்தால் கொசுவம் கலையாமல் தொங்கும். காற்றிலும் எளிதில் பறக்காது. முதற் கில்ட் வாங்குவோருக்கு 13 அல்லது 16 அவுன்சு துணியே ஏற்றது. மலிவுக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக், விஸ்கோஸ் போன்ற நூல்களால் ஆனவை. சிலமுறை உடுத்தியதும் அவற்றின் மடிப்பு தளர்ந்துவிடும்.

துணியின் கீழ்விளிம்பையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். முறையாக நெய்த கில்ட் துணியின் ஓரம் பிசிறின்றி உறுதியாகத் தறியிலேயே முடிக்கப்பட்டிருக்கும். அவ்வோரமே உடையின் கீழ்விளிம்பாக அமைவதால் அதனை மடித்துத் தைப்பதில்லை. மடித்துத் தைத்தால் ஒவ்வொரு கொசுவமும் அடியில் தடித்துத் தோன்றும். ஓரம் காக்கும் நெசவாளியின் கைத்திறன் இங்கே நேராகக் கண்ணுக்குத் தெரிகிறது.

எட்டு கெஜக் கணக்கு

முழுமையான கில்ட்டுக்கு எட்டு கெஜம் என்பது வழக்கு. ஆனால் கடைக்காரர் நான்கு கெஜத்தையே வெட்டுவார். இதைக் கண்டு ஏமாற்றப்பட்டோம் என்று எண்ணலாகாது. துணியின் அகலம் ஏறத்தாழ 54 முதல் 60 அங்குலம். அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு துண்டுகளையும் கொசுவத்தின் உள்ளே மறைவாக இணைத்தால் எட்டு கெஜம் ஆகிறது. இரண்டு துண்டுக்கும் ஓரக்கரை கீழே வந்துவிடும்.

இடுப்பை ஒருமுறை சுற்றுவதற்கு ஒன்றேகால் கெஜம் போதும். எஞ்சியது எங்கே போகிறது? முன்புறத்தில் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. மற்றதெல்லாம் பின்புறக் கொசுவத்திற்கே செல்கிறது. நம் பெண்டிரின் ஒன்பது கெஜப் புடவையில் கொசுவம் எத்தனை துணியை உட்கொள்கிறது என்பதை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். அங்கே உடுத்தும்போது விரல்கள் கொசுவம் பிடிக்கின்றன. இங்கே தையற்காரர் ஒரே தடவையாகப் பிடித்துத் தைத்துவிடுகிறார்.

தையற்காரர் துணியின் கட்டத்தை எண்ணி, மடிப்புகளை அடுக்கியபின் பின்புறத்திலும் முன்புறத்துக் கட்டமே முழுமையாகத் தோன்றும்படி மடிப்பது ஒரு முறை. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பது மற்றொரு முறை. படையினர் பலரும் கொள்வது இதுவே. ஒரு கோடு பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இடையிலிருந்து பிட்டம் வரை மடிப்புகளைக் கையால் தைத்து, உள்ளே விறைப்புத் துணி வைத்து, பருத்தி உள்துணியும் தோல் வார்களும் பக்கிள்களும் பொருத்துவார்கள். ஓர் உடைக்குச் சுமார் இருபது மணி நேரக் கைவேலை செல்லும். விலையின் பெரும்பகுதி இந்த நூலுக்கும் நேரத்திற்கும் உரியது.

அளவு கொடுத்தல்

முதன்முறை வாங்குவோர் மிகுதியும் தவறுவது இங்கேதான். தம் காற்சட்டையின் அளவையே சொல்லிவிடுகின்றனர். காற்சட்டை இடுப்பெலும்பின்மீது தங்குகிறது. கில்ட்டோ தொப்புள் அளவிலோ சற்று மேலோ நிற்க வேண்டியது. எனவே மூன்று அளவுகளைப் பிறரைக்கொண்டு எடுத்தல் வேண்டும்: உடை நிற்கவேண்டிய இடத்தில் இடைச்சுற்று, பிட்டத்தின் பருத்த இடத்தில் சுற்று, இடையிலிருந்து முழங்காலின் நடுவரை நீளம். தானே குனிந்து அளந்தால் நீளம் பிசகும். உடை முடிந்ததும் மண்டியிட்டுப் பார்ப்பது பழைய சோதனை: கீழ்விளிம்பு தரையில் படாமல் ஓரங்குலம் மேலே நின்றால் நீளம் சரி.

உடுத்தும் முறை

கொசுவம் பின்னால் வரும்படி உடையைச் சுற்ற வேண்டும். முதலில் உட்பட்டையை வலப்புறத்திலிருந்து இடப்புறம் கொணர்ந்து, அதன் வாரை இடப்பக்கத் துளை வழியே வெளியே இழுத்துப் பூட்டுக. பிறகு மேற்பட்டையை இடப்புறத்திலிருந்து வலப்புறம் கொணர்ந்து பூட்டுக. ஆடவர்க்குத் திறப்பு வலப்பக்கமே இருக்கும். மேற்பட்டையின் கீழ்மூலையில் குத்தும் ஊசி அப்பட்டையில் மட்டுமே குத்தப்படுதல் வேண்டும். இரண்டு பட்டையையும் சேர்த்துக் குத்தினால், அமரும்போது துணி இழுபட்டுக் கிழியும்.

இவ்வுடைக்குச் சட்டைப்பை போன்ற பை ஏதுமில்லை. ஆகவே ஸ்போரன் என்னும் தோற்பையை முன்புறம் சங்கிலியால் தொங்கவிடுவர். கம்பளிக் காலுறையை முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே மடித்துவிடுவர். அமரும்போது பின்கொசுவத்தைக் கையால் நீவி, தட்டையாக அமர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். இது பழகுவதற்குச் சில நாள் ஆகும்.

அணிந்தபின் தூசியைத் தூரிகையால் நீக்கி, இடைப்பட்டியைப் பற்றித் தொங்கவிட்டால் கொசுவம் நேராக நிற்கும். வெளுக்குமுன் மடிப்புகளை நூலால் தற்காலிகமாக இழையோட்டிக்கொள்வது நல்லது. இவ்வாறு பேணினால் தந்தையின் உடை மகனுக்கும் பயன்படும். உடல் பருத்தாலும் பக்கிள்களை நகர்த்திக்கொள்ளலாம். ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் விலையுயர்ந்த உடையே மலிவானது என்பது அப்போது விளங்கும். ஒரே நாள் திருமணத்திற்கு மட்டும் வேண்டுவோர் வாடகைக்கு எடுப்பதும் உண்டு. மலிவான போலியை வாங்குவதைவிட அது மேலானது.

பெயருக்குக் காவல் எது?

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெய்யப்படும் ஹாரிஸ் ட்வீட் துணிக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காவலாக நிற்கிறது. அத்தீவுகளிலேயே சாயம் தோய்த்து நூற்ற தூய கம்பளியை, தீவுவாசிகள் தம் வீடுகளில் கையால் நெய்தால் மட்டுமே அப்பெயரை இடலாம். டார்டான் கட்டங்களைப் பதிவு செய்ய 2008ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அப்பதிவு கட்டத்தின் வடிவத்திற்கே உரியது. துணியின் தரத்திற்கோ தைத்தவரின் கைக்கோ அது சான்றாகாது. கில்ட் என்ற பெயரை எந்தத் துணிக்கும் இடலாம். கையால் கில்ட் தைக்கும் தொழில், அந்நாட்டில் அருகிவரும் கைத்தொழில்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

சட்டம் காக்காத இடத்தில் காப்பது வாங்குபவரின் அறிவே. துணியின் எடையைக் கேட்பவர், ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பவர், மடிப்பு கையால் தைத்ததா என்று வினவுபவர் ஆகிய மூவரும் நெசவாளியின் கூலியைக் காப்பவர்கள். நம்மிடையே கைத்தறி முத்திரையும், காஞ்சிபுரம் பட்டு முதலியவற்றுக்குப் புவிசார் குறியீடும் இருக்கின்றன. இருப்பினும், முத்திரையைத் தேடிப் பார்க்க அறியாத வாடிக்கையாளரிடம் அவை பேசுவதில்லை. நம் சங்க விற்பனைக் கூடத்தில் நிற்பவரே அவற்றின் வாயாக இருத்தல் வேண்டும்.

ஸ்காட்லாந்திலேயே இதற்கொரு முன்னோடி உண்டு. அயர்ஷயர் பகுதியின் பென்விக் கிராமத்து நெசவாளர்கள் 1761ல் ஒரு சங்கம் அமைத்தனர். ஒருவருக்கொருவர் நேர்மையாக நடப்பதென்றும், நல்ல வேலையே செய்வதென்றும், வழக்கமான விலைக்கு மேலோ கீழோ கேட்பதில்லையென்றும் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். 1769 முதல் ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கித் தமக்குள் விற்றுக்கொண்டனர். ராச்டேல் முன்னோடிகள் தம் கடையைத் திறந்தது 1844ல். பென்விக் நெசவாளர்கள் அதற்கு எழுபத்தைந்து ஆண்டு முன்பே இவ்வழியில் சென்றவர்கள். நல்ல வேலையும் நேரிய விலையும் ஒன்றையொன்று பிரியா என்பதை அவர்கள் தம் உடன்படிக்கையிலேயே எழுதி வைத்தனர்.

நாம் தொடங்கிய இளைஞரிடம் திரும்புவோம். இப்போது அவர் மலிவுக் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: எந்த நூல்? எத்தனை அவுன்சு? எத்தனை கெஜம்? யார் தைத்தது? விடை கிடைத்தால் விலை நியாயமா என்று அவரே தீர்மானிப்பார். விடை கிடைக்காத கடையில் அவர் பணத்தைக் கொடுக்கலாகாது. நம் கூடத்திற்கு வரும் வாடிக்கையாளரும் இவ்வாறு கேட்கும் நாளை நாம் விரும்பி எதிர்பார்க்க வேண்டும். அன்று விடை கூற இன்றே ஆயத்தமாக வேண்டும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. ஐந்து நிற நூலால் டார்டான் நெய்தால் எத்தனை சாயல் தோன்றும்? கணக்கிட்டுக் காட்டுக.

2. நான்கு கெஜத் துணி எட்டு கெஜக் கில்ட் ஆவது எவ்வாறு? காகிதத்தை வெட்டி விளக்குக.

3. நம் சங்கத்தின் துணியொன்றை எடுத்து, அதன் நூல், எடை, சாயம், உழைத்த நேரம் ஆகியவற்றை வாடிக்கையாளருக்கு ஐந்து வாக்கியங்களில் எடுத்துரைக்க.

4. பெயருக்குச் சட்டக் காவல் இருந்தும் வாங்குபவருக்கு அறிவில்லையேல் நேர்வது என்ன? சட்டக் காவல் இல்லாமல் அறிவு மட்டும் இருந்தால் நேர்வது என்ன? கூடி ஆராய்க.